முத்தும் மூச்சும்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற நம் கரையின் வரலாற்றை, கடலில் மூழ்கியவன் பக்கம் நின்று நோக்குவோம். முத்துச்சலாப உரிமைப் பூசலில் நலிந்த பரதவ மக்கள், 1530களில் போர்த்துக்கீசியரின் காவலை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். காவல் தந்த கரமே திறையும் கேட்டது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறின; கல்லில் கால் பதித்து மூச்சடக்கி இறங்கியவனின் பங்கு மட்டும் பிறர் அளந்து தருவதாகவே இருந்தது.

உழைப்பவன் தன் பங்கைத் தானே கேட்டுப் பெறலாம் என்பதை, 1908-இல் வ.உ.சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து வென்ற கோரல் ஆலைத் தொழிலாளர் காட்டினர். 1961-இன் சலாபத்துக்குப்பின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. அங்கு இறங்கும் சரக்கை டன் கணக்கில் எண்ணும் நாம், அவ்வளத்தில் கடலோரக் குடிசைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பதையும் எண்ண வேண்டாமா?