கம்பெனி வீடும், காசு கொடுத்து வாங்கின வீடும்

இங்கே சிங்கப்பூரில் கூட வேலை பார்க்கிற நண்பர் போன வாரம் கேட்டார். "சிபிஎஃப்ல பணம் சும்மாதானே கிடக்கு. அதை எடுத்து ஒரு சின்ன காண்டோ வாங்கி வாடகைக்கு விட்டா என்ன?" மனுஷர் குடியிருப்பதே வாடகை வீட்டில் :-) சட்டென்று பதில் வரவில்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது.

எங்க ஊர் கோலார் தங்கவயல். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாய்ப் போனார்கள். நிலம் பூரா சுரங்கக் குத்தகை, தொழிலாளிக்குக் கம்பெனியே லைன் வீடு கொடுக்கும். 1956ல் மைசூர் அரசு, 1962ல் மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று முதலாளிதான் மாறிக்கொண்டே இருந்தார். வீடு மட்டும் கம்பெனி வீடாகவே இருந்தது. தாத்தா செத்த அறையில்தான் நான் பிறந்தேன். ஆனால் அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை.

பி.எஃப். பணத்தில் வீடு வாங்க அப்போதே வழி இருந்தது. ஐந்து வருஷம் சந்தா கட்டியிருந்தால் மனை வாங்கவோ வீடு கட்டவோ எடுக்கலாம். எங்க லைனில் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. தலைக்கு மேல் கூரை இருக்கும்போது எதற்கு என்ற நினைப்புதான்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கணக்கு முடிந்து வந்தது. அதுவரை அவ்வளவு காசை ஒன்றாய்ப் பார்த்திராத வீடுகள். பாதி வட்டிக் கடனுக்கே போனது, மீதியில் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு காலேஜ் சீட்டு. அப்பா மட்டும் கே.ஆர்.புரத்தில் இரண்டு அறை வீடு வாங்கப் போகிறேன் என்றார்.

"நாமளே கம்பெனி வீட்ல இருக்கோம், ஊரானுக்கு வீடு வாங்கணுமா? பொண்ணு நிக்கறா" என்று அம்மா பிடித்துக்கொண்டார். வீட்டில் பத்து நாள் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா போட்ட கணக்கு ரொம்ப எளிமை. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் நேராக அங்கே இறங்கலாம். பெங்களூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கிடைக்கும், அது அக்கா கல்யாணத்துக்கு ஆச்சு.

அட்வான்ஸ் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பது முதல் குடித்தனக்காரர் காலி செய்தபோதுதான் உறைத்தது. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. போர்வெல் வேறு வற்றி, ஐந்து மாதம் வீடு பூட்டியே கிடந்தது. அந்த ஐந்து மாதம் நாங்கள் சாப்பிட்டது ரேஷன் அரிசி. அதற்கப்புறம் அந்த வாடகைதான் என் காலேஜ் ஃபீஸ் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நண்பருக்கு இதைச் சொல்லிவிட்டு சிபிஎஃப் கதைக்கு வந்தேன். 1955ல் ஓய்வுக்காலத்துக்கென்று ஆரம்பித்தது. 1968ல் அரசு அடுக்குமாடி வாங்கவும், 1981ல் தனியார் வீடு வாங்கவும் திறந்துவிட்டார்கள். விற்கும்போது எடுத்த பணம் 2.5 சதவீத வட்டியோடு நம்ம சிபிஎஃப் கணக்குக்கே திரும்பப் போகும். லாபக் கணக்கு போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதோடு வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் பேங்க் தவணையைக் கையிலிருந்து கட்ட முடியுமா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

சுரங்கம் மூடி வருஷக்கணக்காகியும் லைன் வீட்டுக்குப் பத்திரம் கேட்டு எங்க ஆட்கள் மனு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாவும் ஒரு மனு போட்டார். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி, மஞ்சள் பையில் ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காலை ரயிலில் வாடகை வாங்கக் கிளம்புவார். சாயங்காலம் திரும்பி வந்து படுப்பது அதே லைன் வீட்டில்தான்.