ரமணாசிரமம் பகுதி

திருவண்ணாமலை நகரில், அருணாசலேசுவரர் ஆலயத்திற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், மலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டிச் செங்கம் சாலையின் இருமருங்கிலும் அமைந்துள்ள குடியிருப்பு ரமணாசிரமம் பகுதியாகும். மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையும் இங்கே இச்சாலையே ஆதலால், அக்கினி லிங்கத்தைத் தரிசித்து யம லிங்கத்தை நோக்கிச் செல்லும் யாத்திரிகர் யாவரும் இப்பகுதியைக் கடந்தே செல்ல வேண்டும்.

பழைய திருத்தலங்கள் பலவும் அரசரின் ஆணையாலும் நிவந்தங்களாலும் வளர்ந்திருக்க, இவ்வூர் ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்தது என்பதே இதன் தனிச் சிறப்பு. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தடைந்த ஸ்ரீ ரமண மகரிஷி, ஆலயத்திலும் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாசம் செய்தார். அவருடைய அன்னை அழகம்மாள் 1922 மே 19 அன்று சித்தியடைய, அவர் திருமேனி மலைமேலன்றி இவ்வடிவாரத்தில், பாலி தீர்த்தத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி சமாதிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த மகரிஷி, அவ்வாண்டின் இறுதியில் இங்கேயே தங்கிவிட்டார்.

அந்நாளில் இவ்விடம் எத்துணை ஏகாந்தமாயிருந்தது என்பதற்கு 1924 ஜூன் 26 இரவு நிகழ்ந்த கொள்ளையே சான்று. திருடர் அடித்த அடி ரமணரின் இடத்தொடையில் விழ, போதாதெனில் மற்றத் தொடையிலும் அடிக்கலாம் என்று அவர் சாந்தமாகச் சொன்னார்; வந்தவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பமே.

சமாதியைச் சுற்றி எழுந்த கூரைக் குடிசைகள் காலக்கிரமத்தில் ஆசிரமக் கட்டடங்களாயின. அன்னையின் சமாதிமீது வைத்தியநாத ஸ்தபதி எழுப்பிய மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949 மார்ச் 17 அன்று கும்பாபிஷேகம் நடைபெற்றது. மேற்கே பலாக்கொத்துத் தோப்பில் சாதுக்கள் குடிசையமைத்துத் தாமே சமைத்துண்டு வாழ்ந்தனர். 1931-இல் வந்த எழுத்தாளர் பால் பிரண்டன் மகரிஷியைக் குறித்தும் எழுதிய நூல் 1934-இல் வெளியானதும் மேல்நாட்டார் வருகை பெருகியது. 1935-இல் வந்த மேஜர் சாட்விக் என்னும் ஆங்கிலேயர் தம் இறுதிக்காலம் வரை இங்கேயே வாழ்ந்தார். சாலைக்கு அப்பால் அன்பர்கள் வீடு கட்டிக் குடியேறிய பகுதி ரமண நகர் எனப் பெயர் பெற்றது.

ஆசிரமத்துள் பசு லட்சுமி, மான், காகம், நாய் ஆகியவற்றின் சிறு சமாதிகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காண்போர், இவ்வூரின் இயல்பை எந்தச் சரித்திர நூலும் சொல்லாத அளவுக்கு அங்கே அறிந்துகொள்ளலாம். முன்வாசலில் பெரிய இலுப்பை மரம் நிழல் தருகிறது. பின்வாசலிலிருந்து கந்தாசிரமத்திற்குக் கற்படிப் பாதை மலையேறிச் செல்கிறது. கிழக்கே சிறிது தூரத்தில் 1929-இல் சித்தியடைந்த சேஷாத்ரி சுவாமிகளின் சமாதியும் ஆசிரமமும் உள்ளன.

1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி சித்தியடைந்தார். அவருடைய சமாதி அன்னையின் ஆலயத்தை ஒட்டியே அமைந்துள்ளது.