காலித் ஜமீல்

காலித் ஜமீல் (பிறப்பு: 21 ஏப்ரல் 1977, குவைத்) மும்பைக் கால்பந்தில் உருவான முன்னாள் நடுகள வீரர், பயிற்சியாளர். 2016–17 பருவத்தில் ஐசால் எஃப்சி அணிக்கு ஐ-லீக் பட்டம் பெற்றுத் தந்து நாடறிந்தவரானார். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப் ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியரும் இவரே. 2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய ஆடவர் அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

ஆட்டக்காலம்

இந்தியப் பெற்றோருக்குக் குவைத்தில் பிறந்த ஜமீல், பதின்ம வயதில் இந்தியா வந்தார். அப்போது மும்பைக் கால்பந்து நிறுவன அணிகளின் கையில் இருந்தது. மகிந்திரா, ஏர் இந்தியா, ரயில்வே அணிகள், செம்பூரின் ஆர்சிஎஃப் போன்றவை ஆட்டக்காரர்களைத் திரட்டி லீக்கில் மோதின. ஜமீல் மகிந்திராவில் தொடங்கி ஏர் இந்தியாவுக்கு மாறினார். 2002இல் மகிந்திரா யுனைடெடுக்குத் திரும்பினார். இந்திய அணிக்கும் ஆடினார். கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அழைத்தபோது, மதுபான நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிய விரும்பாமல் மறுத்தார். 2007இல் மும்பை எஃப்சியில் சேர்ந்தாலும், காயங்களால் ஆட்டக்காலம் சுருங்கியது.

மும்பை எஃப்சி

2009இல், 32 வயதில், டேவிட் பூத்துக்குப் பதிலாக மும்பை எஃப்சியின் பயிற்சியாளரானார். பணபலம் குறைந்த அந்த அணி 2016 வரை ஒரு பருவத்தில்கூட தரமிறக்கப்படவில்லை. அவர் விலகிய அடுத்த பருவத்திலேயே கடைசி இடத்துக்குப் போய் ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது.

ஐசால் பட்டம்

மிசோரத்தின் ஐசால் எஃப்சி 2015–16இல் தரமிறக்கப்பட்டு, கோவா கிளப்புகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்ட அணி. ஜமீல் அதன் பயிற்சியாளரானார். மும்பையிலிருந்து ஆட்டக்காரர்கள் அசுதோஷ் மேத்தா, ஜயேஷ் ரானே ஆகியோரும் அங்கு வந்தனர். 2017 ஏப்ரல் 22 அன்று மோகன் பகானை 1–0 என வென்றபின் பட்டத்துக்கு ஒரு சமன் போதும் என்ற நிலை. ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணி தொடக்கத்திலேயே கோல் போட்டது. கொல்கத்தாவில் சென்னை சிட்டியை மோகன் பகான் வென்றுகொண்டிருந்தது. 67ஆம் நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். ஐசால் 37 புள்ளிகள், மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை.

ஐஎஸ்எல்

கொல்கத்தாவின் இரு பெரிய கிளப்புகளிலும் குறுகிய காலம் பணியாற்றினார். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெடின் இடைக்காலப் பயிற்சியாளராகி, எஞ்சிய லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அணியை அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். பொறுப்பு நிரந்தரமான அடுத்த பருவத்தில் அணி பத்தாம் இடத்துக்குச் சரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் ஜாம்ஷெட்பூர் எஃப்சியில் சேர்ந்தார். அந்த அணி 2024–25இல் ஐஎஸ்எல் அரையிறுதிக்கும், சூப்பர் கோப்பை இறுதிக்கும் சென்றது.

இந்திய அணி

2012க்குப் பிறகு இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் ஜமீல். மோகன் பகான் தன் வீரர்களை அனுப்ப மறுத்த நிலையில், சுனில் சேத்ரியும் இல்லாத அணியுடன் மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கத்தின் (காஃபா) நாடுகள் கோப்பைக்குச் சென்றார். முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றது இந்தியா. ஆனால் அக்டோபரில் மட்காவ் நகரில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது.

ஆட்டப்பாணியும் மதிப்பீடும்

நெருக்கமான தடுப்பாட்டம், வேகமான எதிர்த்தாக்குதல், நீண்ட பாஸ்கள் ஆகியவை இவரது பாணி. பந்தைத் தம்மிடம் வைத்திருந்து ஆடும் அணிகளை விரும்புவோர் இதைக் குறை கூறுவதுண்டு. அதிகம் பேசாதவர். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அணியை எதிர்பார்ப்புக்கு மேல் கொண்டுசெல்வதே இவரது புகழின் அடிப்படை. முன்னணிக் கிளப்புகளில் அத்தகைய வெற்றி இவருக்குக் கிட்டவில்லை.