கல்கத்தா மைதானத்தின் கதை – 9: ஐந்து மழைக்காலங்கள்

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, மோகன் பகான் கிளப்பார் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. என்ற இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயத்தைக் கைக்கொண்ட வைபவத்தைச் சென்ற இதழில் கண்டோம். வங்காளம் முழுவதும் அந்த வெற்றியைத் தன் சொந்த வெற்றியாகவே கொண்டாடிற்று. ஆயினும், கேடயப் போட்டி சில ஆட்டங்களில் தீர்ந்துவிடுவது. நல்ல வேளையும் நெஞ்சுரமும் கூடிவந்தால் எளியவரும் வலியவரை அதில் வீழ்த்திவிடலாம். லீக் பந்தயமோ அத்தகையதன்று. கோடையில் தொடங்கி மழைக்காலத்தின் நடுப்பகுதி வரையில் வாரந்தோறும் ஆடி, வென்றதையும் தோற்றதையும் சமன் செய்ததையும் கூட்டிக் கணக்குப் பார்த்து முதல்வனைத் தீர்மானிக்கும் அந்தப் பந்தயத்தில் ஓர் இந்தியக் கிளப் முதலிடம் பெறுவதற்கு, 1911-க்குப் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தனை தாமதத்திற்கு முதற்காரணம், வாயிற்கதவே அடைத்திருந்தது என்பதுதான். 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக்கில் 1914 வரையில் இந்தியக் கிளப்புகளுக்கு இடம் கிடையாது. அவ்வாண்டு மோகன் பகானும் ஆரியனும் இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. மறு ஆண்டே மோகன் பகான் முதற்பிரிவுக்கு ஏறியது. முதற்பிரிவில் இந்தியக் கிளப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்ற நியதி மேலும் சில காலம் நின்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் 1925-இல் உள்ளே வந்தபோதுதான் தளர்ந்தது. அதன் பின்னரும் பட்டம் கல்கத்தா கிளப், டல்ஹௌசி போன்ற வெள்ளையர் கிளப்புகளிடமோ, கோட்டையில் தங்கியிருந்த பட்டாளத்தாரிடமோதான் மாறி மாறித் தங்கிற்று. 1931, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றவர்கள் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பட்டாளத்தார்.

இரண்டாவது காரணம் மழை. நம்மவர் அக்காலத்தில் வெறுங்காலால் ஆடினார்கள். மே மாதத்துக் காய்ந்த தரையில் அது குறையன்று, அனுகூலமே. பந்தைக் காலோடு ஒட்டவைத்து வளைந்து நெளிந்து ஓடுவதில் பூட்ஸ் அணிந்த சிப்பாய் அவர்களுக்கு ஈடாக மாட்டான். ஆனால் ஜூன் மாதம் பாதி கழிந்து, கங்கைக் கரையோரத்து அந்தப் புல்தரை சேறும் சகதியுமாகக் குழைந்துவிட்டால், அதே வெறுங்கால் வழுக்கிற்று. நனைந்து கனத்த தோல்பந்து உதைத்த இடத்திற்குப் போக மறுத்தது. ஆணி அடித்த பூட்ஸ் முன்னே வந்தால் எலும்புக்கும் ஆபத்து நேர்ந்தது. கோடையில் முன்னணியில் நின்ற இந்திய அணி மழையில் பின்தங்கிப்போகும் அவலத்தைக் கல்கத்தா ரசிகர்கள் கண்டு பழகிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் காட்சிக்கு வருகிறது. 1891-இல் ஸ்தாபிதமான அந்தக் கிளப், நாற்பது ஆண்டுக் காலம் பெரிய பெயர் எதுவும் எடுக்காமலே ஆடிவந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் அதன் நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்ற சி. ஏ. அஜீஸ் என்பவர், மற்றவர்கள் விதி என்று எண்ணியிருந்ததை ஏற்பாட்டினால் மாற்றலாகும் என்று நம்பினார். ஈரத்தரையில் அணிவதற்கென்று கனமில்லாத பூட்ஸ்களுக்கு ஏற்பாடு செய்து, அவற்றோடு ஓடவும் உதைக்கவும் ஆட்டக்காரர்களைப் பழக்கினார். ஒழுங்கான தேகப்பயிற்சியையும் கூட்டாகப் பழகுவதையும் வற்புறுத்தினார். உள்ளூர் ஆட்களோடு நிற்காமல் தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் திறமைசாலிகளை வரவழைத்தார். நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரிலிருந்தும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். பட்டாளங்கள் முகாமிட்டிருந்த அந்த நகரத்தில், சிப்பாய்களோடு மோதிப் பழகிய முஸ்லிம் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப் 1937-இல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியாகப் புகழ் பெற்றதே அந்த மண்ணின் செழுமைக்குச் சான்று.

1934-ஆம் ஆண்டுப் பருவத்தில் முகம்மதன் கிளப் முதற்பிரிவில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தது. புதிதாக வந்த கிளப் அந்த ஆண்டு பிரிவில் தங்கினாலே பெரிது என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அவர்களோ முதல் பருவத்திலேயே பட்டத்தை வென்று, லீக்கை வென்ற முதல் இந்தியக் கிளப் என்ற கீர்த்தியைத் தட்டிக்கொண்டு போனார்கள். மழை வந்ததும் இந்திய அணி தளரும் என்று காத்திருந்தவர்கள், மழை வந்ததும் இவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் ஓடியதைக் கண்டு திகைத்தார்கள்.

முதல் வெற்றியைத் தற்செயல் என்று தள்ளிவிட இடமிருந்தது. 1935-இல் பட்டம் மீண்டும் அவர்களிடமே வந்தபோது அந்த இடமும் அடைபட்டது. கோலில் உஸ்மான், தடுப்பில் ஜும்மா கான், முன்வரிசையில் ரஷீத், ரஹீம் என்ற பெயர்கள் டிராம் வண்டிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிபடலாயின.

1936-ஆம் ஆண்டு அவர்களுடைய தொடர் வெற்றிகளின் சிகரம். லீக்கோடு ஐ.எப்.ஏ. கேடயமும் அவர்களுக்குக் கிடைத்தது. நெடுந்தூரம் ஓட வல்லவன் குறுந்தூர ஓட்டத்திலும் முந்தியதைப் போன்ற இந்த இரட்டை வெற்றி, இந்தியக் கிளப் எதற்கும் அதுவரை வாய்க்காதது. அதே ஆண்டில் மற்றொரு விசித்திரமும் நிகழ்ந்தது. அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து வந்து வாழ்ந்த மெட்டியாப்ரூஸில் பிறந்தவர், இக்கிளப்பின் ஓரத்து முன்வரிசைக்காரர் முகம்மது சலீம். அவர் தம் உறவினரின் தூண்டுதலால் கப்பலேறி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று, புகழ்பெற்ற செல்டிக் கிளப்பில் இரண்டு பரீட்சை ஆட்டங்கள் ஆடினார். பூட்ஸ் வேண்டாமென்று சொல்லிப் பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடிய அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள அக்கிளப்பார் விரும்பியும், ஊர் நினைவு மேலிட்டதால் அவர் கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். மழையை வெல்லப் பூட்ஸ் அணியப் பழகிய கிளப்பிலிருந்து சென்றவர், பூட்ஸின் தாயகத்தில் வெறுங்காலால் பெயர் எடுத்தது விளையாட்டு வரலாற்றின் சுவாரஸ்யங்களுள் ஒன்று.

1937-இலும் 1938-இலும் லீக் அவர்களை விட்டு அகலவில்லை. முதற்பிரிவில் கால் வைத்த நாள் முதல் வேறெவருக்கும் விட்டுக்கொடாமல், தொடர்ச்சியாக ஐந்து பட்டங்கள்! இச்சாதனையைக் கடந்து செல்ல எழுபதுகளின் ஈஸ்ட் பெங்கால் அணி வரவேண்டியிருந்தது. 1970 முதல் 1975 வரை அவர்கள் ஆறு முறை தொடர்ந்து வென்றார்கள்.

இவ்வெற்றிகளை யார் தங்களுடையதாகக் கொண்டார்கள் என்ற கேள்வியில்தான் இந்த வரலாற்றின் சிக்கல் இருக்கிறது. 1934-இல் வெள்ளையர் ஆதிக்கம் முறிந்ததென்று இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே மகிழ்ந்தார்கள். கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிக் கிடந்த முஸ்லிம் சமூகத்திற்கு, சணல் ஆலைத் தொழிலாளி முதல் வக்கீல் வரை ஒரே சமயத்தில் தலைநிமிர்ந்து நிற்க அந்தக் கருப்பு வெள்ளைச் சட்டை ஒரு வாய்ப்பளித்தது. ஆனால் 1937-ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலுக்குப் பிறகு வங்காள அரசியலில் மதப் பிளவு நாளுக்கு நாள் ஆழமாகியது. ராஜதானியின் முஸ்லிம் பிரமுகர்கள் கிளப்பின் ஆதரவாளர்களாக விளங்க, மைதானத்துக் கரகோஷமும் மெல்ல மெல்ல இரு பகுதிகளாகப் பிரிந்தது. வெளியூர்க்காரர்களைக் கொண்டு வெல்வது வெற்றியாகுமா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. நாளடைவில் மற்றப் பெரிய கிளப்புகளும் தென்னாடு முதல் பெஷாவர் வரை ஆள் தேடிப் புறப்பட்டதைப் பார்க்கையில், அந்த முணுமுணுப்பில் பொறாமையின் பங்கு சற்று அதிகமென்றே தோன்றுகிறது.

1939-ஆம் பருவத்தில், ஐ.எப்.ஏ. நடத்திய முறை பாரபட்சமானதென்று குறை கூறி முகம்மதன், ஈஸ்ட் பெங்கால் முதலிய கிளப்புகள் லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தை அந்த ஆண்டில்தான் பெற்றது. பிணக்குத் தீர்ந்து திரும்பிய முகம்மதன் அணி 1940-இலும் 1941-இலும் லீக்கை மீண்டும் கைப்பற்றிற்று. அவற்றினும் பெரியது 1940 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்தது. 1888-இல் சிம்லாவில் தொடங்கி, பட்டாளத்தாரின் தனியுரிமை போலவே நடந்துவந்த டூரண்ட் கோப்பையின் இறுதியாட்டத்தில், ராயல் வார்விக்ஷயர் படையை இரண்டுக்கு ஒன்றாக வென்று, அக்கோப்பையை எடுத்த முதல் இந்தியக் கிளப்பாகவும் அவர்கள் ஆனார்கள். அதே ஆண்டு ரோவர்ஸ் கோப்பையின் இறுதியில் அவர்களிடம் தோற்றது பெங்களூர் முஸ்லிம்ஸ்!

பிரிவினைக்குப் பின் அந்தக் கிளப் என்னவாகும் என்று பலர் ஐயுற்றார்கள். 1948-இல் லீக்கை வென்று அது பதில் சொல்லிற்று. அதன் பிறகு 1957, 1967, 1981 என்று பத்தாண்டுக்கு ஒரு முறை போலப் பட்டம் வந்து, பின்னர் நாற்பது ஆண்டுகள் வராமலே போய், 2021-இல் மீண்டும் கிட்டியது.

ஒரு கிளப்பின் வரலாற்றை ஒரே ஒரு மகத்தான மாலைப்பொழுதாகச் சுருக்கிச் சொல்வது எளிது. ஜனங்களின் நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் 1911 அனைவருக்கும் தெரிந்திருக்கிறது; 1934 முதல் 1938 வரையிலான ஐந்தாண்டுகள் கல்கத்தாவுக்கு வெளியே பெரும்பாலும் அறியப்படாமல் கிடக்கின்றன. வெள்ளையனை ஒரு நாள் வெல்லலாம் என்று முன்னது காட்டியது. மழை, சேறு, காயம், சலிப்பு ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு ஏற்பாடு செய்துகொண்டால், ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் ஆண்டும் வெல்லலாம் என்று பின்னது காட்டியது. வீரத்தை மெச்சும் அளவுக்கு ஏற்பாட்டை மெச்ச நாம் இன்னும் பழகவில்லை. பழகினால், அஜீஸின் பெயர், 1911-இல் மோகன் பகானுக்குத் தலைமை தாங்கிய ஷிப்தாஸ் பாதுரியின் பெயருக்கு அருகிலேயே எழுதப்படும்.

(அடுத்த இதழில்: தென்னாட்டிலிருந்து ஐவரைத் திரட்டி, 1949-இல் லீக், கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் வென்ற ஈஸ்ட் பெங்கால்.)