70 வாட்டா, 185 வாட்டா: கரிசல் வீட்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி வகை, வந்தது 2024 பிப்ரவரியில். ஏழு வருஷ இடைவெளி. ஆனாலும் இரண்டிலும் உள்ள கோர்களின் எண்ணிக்கை ஒன்றேதான்: 2304. ஒரு கம்பெனியின் கோரும் இன்னொரு கம்பெனியின் கோரும் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்பதால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க உதவும் எண் வேறு. முன்னது 185 வாட் இழுக்கும், பின்னது 70 வாட்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வீட்டில் கிடக்கும் கம்ப்யூட்டரை கேமுக்குத் தேற்ற நினைக்கும் பையனுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கைக்கு எட்டும். ஒன்று செகண்ட் ஹாண்டில் பெரிய கார்டு, இல்லையென்றால் புதிதாகச் சின்ன கார்டு.

பழையதை மட்டமாகப் பேச வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 580-ல் 8 ஜிபி மெமரி, விநாடிக்கு 256 ஜிபி வேகம்; 3050-க்கு 168தான். ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கேம்களை 1080பி திரையில் அது இன்றைக்கும் நன்றாகவே ஓட்டும். விலை இறங்கியதற்கும் காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து நடந்த மைனிங் முறையையே கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்து குவிந்தன. வாங்குகிறவர் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 2048 கோர் மட்டுமே உள்ள வகையையும் ‘580’ என்றே விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது, இந்தத் தலைமுறைக் கார்டுகளை ஏஎம்டி 2023 முதல் தனி டிரைவருக்கு ஒதுக்கிவிட்டது. புதுக் கேம்களுக்கான மெருகு இனி பெரிதாக வராது. 3050-க்கு, ஏஐ கொண்டு படத்தை மெருகேற்றும் டிஎல்எஸ்எஸ் வசதி உண்டு என்பதால் புதுக் கேம்களில் அது முந்துகிறது.

இனி கரண்ட். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தரக்கூடியது 75 வாட். அதில் 12 வோல்ட் லைனில் வருவது 66 வாட்தான். 70 வாட் கார்டு பெரும்பாலும் அந்த மொத்த 75-க்குள்ளேயே பிழைத்துக்கொள்ளும், தனி வயர் வேண்டாம். 580-க்கு 8 பின் வயர் கட்டாயம், சில மாடல்களுக்குக் கூடவே 6 பின்னும் வேண்டும். அந்த 8 பின் 150 வாட் தரவேண்டிய வயர். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்காது. “450 வாட்ஸ் போட்டிருக்கு தம்பி, தாராளமா தாங்கும்” என்பார்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான். 580 ஒன்றே அதைத் தின்றுவிடும், பிராசசருக்கு மிச்சம் இல்லை. மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிப்பது வயரை உருக்கும் வேலை.

ஆபீஸிலிருந்து கழித்துக்கட்டிய டெல், எச்பி குட்டி டவர்களில் 180 முதல் 240 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். பிளக் அமைப்பும் தனி ரகம் என்பதால் வேறு மாற்றுவது சிரமம். அங்கே 580-க்கு வழியே இல்லை. உயரம் குறைந்த 3050 பொருந்தும். ஆகவே பழைய கார்டு பாதி விலை என்று கணக்குப் போடுகிறவர் நல்ல எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்தே போட வேண்டும். இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

கடைக்காரர்கள் யாரும் பேசாத விஷயம் எர்த். கரிசல், மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் களிமண். ஈரம் இருக்கும்வரை எர்த்துக்கு அதைப்போல நல்ல மண் கிடையாது. காய்ந்ததும் எர்த் குழியில் புதைத்த பைப்பை விட்டு மண் விலகிவிடும். கார்த்திகையில் சரியாக இருந்த எர்த் சித்திரையில் செத்துக் கிடப்பது இதனால்தான். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வரச் சொல்வார்கள். குடிக்கவே தாமிரபரணித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊரில் அதை யார் செய்வது? பாத்திரம் கழுவிய தண்ணீரையாவது அந்தக் குழிக்குத் திருப்பிவிடலாம்.

எர்த் செத்தால் என்ன ஆகும்? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இணைந்திருக்கும். வடிகால் இல்லாததால் கேபினட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ், சுமார் 115, ஏறி நிற்கும். தொட்டால் சுள்ளென்பது அதுதான். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவிக்கு எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் கார்டின் போர்ட் போகலாம். இதில் பழைய கார்டு, புதிய கார்டு என்ற பேதம் இல்லை. புதியதற்கு வாரண்டி உண்டே என்றால், எரிந்த கார்டை ஏற்க மறுப்பதும் உண்டு.

பில், யுபிஎஸ், புழுதி மூன்றும் சுருக்கமாக. இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் 115 வாட். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் 580-ஆல் இரண்டு மாத பில்லில் சுமார் 21 யூனிட் கூடும். அந்த 115 வாட்டும் சூடாகத்தான் அறையில் இறங்கும்; கான்கிரீட் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அது என்ன சுகம் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 580 உள்ள கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்ந்து, அந்த விளிம்பைத் தொட்டுவிடும். 3050 என்றால் 230 வாட்டில் நிற்கும். ஆடிக்காற்று கொண்டுவரும் புழுதி இரண்டு ஃபேனையும் ஒரே மாதிரிதான் அடைக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரிய கேபினட்டும் ஏற்கெனவே வைத்திருப்பவர், பழைய கேம்களோடு திருப்திப்படுபவர், 580 வாங்கலாம். மற்ற எல்லாருக்கும் 3050தான். டப்பாவில் 6 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2022-ல் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும். எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதல் செலவு எர்த் குழிக்கு.