கோப்பாயில் போர் நினைவும் அதன் காட்சிப்படுத்தலும்

1560இல் கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைக் கைப்பற்றியபோது, அதன் மன்னன் முதலாம் சங்கிலி பின்வாங்கியது கோப்பாய்க் கோட்டைக்கு. அங்கும் நிலைக்க முடியாமல் வன்னிக்குப் போனான். இதைப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸின் நூலில் இருந்து அறிகிறோம். கோப்பாய்க் கோட்டை இன்று இல்லை. ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையோ, போருக்குப் பிறகு புனரமைக்கப்பட்டுப் பார்வையாளரை ஈர்க்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் படைவரலாறு காட்சிக்கு வந்த முறையிலேயே இந்த ஏற்றத்தாழ்வு தொடக்கத்திலிருந்து இருக்கிறது.

யாழ்ப்பாண நகரின் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையும் இதற்கு விலக்கல்ல. கந்தரோடைச் சின்னங்கள் முதல் குடியேற்றக் காலப் பொருட்கள் வரை அங்கே உண்டு. தொண்ணூறுகளில் இந்த மண்ணில் நடந்த போருக்கு அங்கே இடமில்லை.

அதற்கு இடம் கொடுத்தது கோப்பாய். விடுதலைப் புலிகள் தங்கள் போராளிகளைத் தகனம் செய்வதை விட்டுப் புதைக்கத் தொடங்கியதும், 1991இல் இங்கே மாவீரர் துயிலும் இல்லம் உருவானது. உடல் கிடைத்தவர்களுக்குப் படுக்கையான சீமெந்துக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நிமிர்ந்த நினைவுக்கல். தளபதிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு. இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர், இறந்த நாள் என்று எழுத்தமைப்பும் ஒன்றே. இந்த ஒழுங்கைக் கவனமாக வடிவமைத்த காட்சியாகவே நான் வாசிக்கிறேன். நடுகல் மரபை நினைவூட்டிக்கொண்டே, ஆளுக்காள் வேறுபாட்டை அழித்து ஒரு படையணியை நிறுத்திக் காட்டும் வடிவம் அது.

1995 முடிவில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்தபின் இல்லம் சிதைக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தின் பின் திரும்பக் கட்டியபோது, உடைந்த கற்களை அப்புறப்படுத்தாமல் ஒரு பக்கத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இடிபாட்டையே அரும்பொருளாக்கிய அந்த முடிவை, குடாநாட்டில் நவீன போரைப் பற்றிய முதல் நூதனசாலைச் செயல்களில் ஒன்று என்று சொல்லத் தோன்றுகிறது. போர் முடிந்தபின் அதுவும் போயிற்று. 2011 மார்ச்சில் அதே நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது.

வென்ற தரப்பின் காட்சிகள் வேறிடங்களில் எழுந்தன. ஆனையிறவில் 1991இல் புலிகள் கொண்டுவந்த கவச புல்டோசர், அதைத் தடுத்து இறந்த சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவோடு நிற்கிறது. புதுக்குடியிருப்பில் கடற்புலிகளின் படகுகளும் நீர்மூழ்கிகளும் வரிசையாக வைக்கப்பட்டன. புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் பதுங்குகுழியைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டி, 2013 ஒக்ரோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். காட்டுவதும் மறைப்பதும் ஒரே கையில் இருந்தன.

இரு தரப்புக் காட்சிகளிலும் ஆயுதம் உண்டு, போராளி உண்டு, ஊர்ச்சனம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழையில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தது நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய்–கைதடிப் பாதையாலும்தான். சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990இன் அதே திகதியில், யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். துயிலும் இல்லத்தின் கற்கள் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவற்றைக் கட்டியவர்களுக்கு இருக்கவில்லை.

ஊர்ச்சனத்தின் இடப்பெயர்வை எப்படிக் காட்டலாம் என்பதற்குக் கனடாவின் வடதுருவப் பகுதி உதவுகிறது. 1953இலும் 1955இலும் கனடிய அரசு இனுயிட் பழங்குடிக் குடும்பங்களைக் கியூபெக்கின் வடக்கிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் ரெசொலூட்டுக்கும் கிறைஸ் ஃபியோர்ட்டுக்கும் அனுப்பியது. 2010இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டில் நிறுவப்பட்ட நினைவுச் சின்னங்களைச் செதுக்கியவர்கள் இனுயிட் சிற்பிகளே: சிமியோனி அமகோலிக், லூட்டி பிஜாமினி. ரெசொலூட்டில் தனியொரு ஆண் நிற்கிறான். கிறைஸ் ஃபியோர்ட்டில் ஒரு பெண், சிறுவன், நாய். ஒருவர் ஊர்த் திசையை மற்றவர் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கொடியும் துப்பாக்கியும் இல்லாமல் ஓர் அரசின் செயல் அங்கே காட்சியாகியிருக்கிறது.

கோப்பாயில் அண்மைய ஆண்டுகளில் மாவீரர் நாளான நவம்பர் 27இல் சனங்கள் படைமுகாமுக்கு அருகே படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். அந்த நிலம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் இடப்பெயர்வைக் காட்ட அந்த நிலத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரில் இந்தியா கட்டிக்கொடுத்த பண்பாட்டு மையத்தில் நூதனசாலைக்கென்றே இரண்டு தளங்கள் உண்டு. பொருட்கள் வீடுகளில் கிடக்கின்றன: சைக்கிள், சீலைப் பொட்டலம், பங்கீட்டு அட்டை. 1990இல் யாழ்ப்பாணச் சோனகதெருவிலிருந்து புத்தளம் போன முஸ்லிம் குடும்பங்களிடமும் கேட்க வேண்டும். ஒக்ரோபர் 30 என்ற தலைப்பின் கீழ் இரண்டு ஆண்டுகளையும் ஒரே சுவரில் வைக்க அவர்கள் சம்மதிப்பார்களா, நாங்கள் சம்மதிப்போமா என்பதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.