ஆறு ஒன்றுதான், சுவர்தான் வேறு



ஐப்பசி பிறக்கப் போகிறது. மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது பற்றியெல்லாம் நம் செயற்குழு பேசத் தொடங்கிவிட்டது. நல்லது. அதோடு பேச வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்காகக் கொஞ்சம் பழைய கதையைப் புரட்டுகிறேன். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடு எழுதியவன். எதையும் வரவு செலவாகத்தான் பார்க்கத் தெரியும்.

2023 டிசம்பர் 17 யாருக்கும் மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. அங்கே ஒரு வருடத்தில் பெய்யும் மழையைவிட அதிகம். தாமிரபரணி இரு கரையும் புரண்டு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் என்று எல்லாம் தண்ணீர்க்காடு. நம் குடியிருப்பில் கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை, பால் இல்லை என்று புலம்பினோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒன்பது நாள் கழித்து வந்தார். "வீடு இடிஞ்சிட்டாம்மா?" என்று கேட்டேன். "இடியல சார், கரைஞ்சிட்டு" என்றார்.

வெள்ளத்துக்கு ஏழை பணக்காரன் தெரியாது, சாதி தெரியாது என்று சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சொல்வதில்லை.

நம் ஊர் வரலாற்றையே பாருங்கள். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலத்தை, கலெக்டர் அலுவலக சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார். 1843-இல் திறப்பு. 1869 வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டு, பிறகு சரிசெய்யப்பட்டது. இது ஊரில் பலரும் சொல்லும் கதை. அதே வெள்ளத்தில் கரைந்த மண் சுவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆற்றை ஒட்டி ஏழைகள்தான் இருந்தார்கள் என்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அக்ரகாரங்களும் பெரிய கோயில்களும் ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. வித்தியாசம் தூரத்தில் இல்லை, சுவரில் இருந்தது. காரையும் செங்கலும் வைத்துக் கட்டியவர் வீட்டில் வெள்ளம் வடிந்ததும் கழுவி விட்டுக் கோலம் போட்டார்கள். மண்ணும் ஓலையும் வைத்துக் கட்டியவர் முதலிலிருந்து தொடங்கினார். நஞ்சை நிலம் பெரும்பாலும் மிராசுதாரர்கள் பெயரில் இருந்தது. அதில் இறங்கி நட்டு அறுத்தவர்கள், அன்றைய பதிவேடுகளில் பள்ளர் என்றும் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்றும் எழுதப்படும் மக்கள். யாருக்குச் செங்கல், யாருக்கு மண் என்பதை மழை தீர்மானிக்கவில்லை.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேட்டில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தெய்வத்துக்கே மேட்டில் இன்னொரு வீடு தேவைப்படுகிறது. அப்படி ஒரு வீடு இல்லாத மனிதனை நினைத்துப் பாருங்கள்.

வறட்சியிலும் இதே கணக்குத்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஆற்றுப்பாசனப் பகுதி ஓரளவு தாக்குப்பிடித்தது. வடக்கே வானத்தை நம்பிய கரிசல் காடு காய்ந்தது. நெல் விலை ஏறியபோது, விற்க நெல் வைத்திருந்தவருக்கு அது வரவு. கூலிக்கு வாங்கித் தின்றவருக்கு அது சாவு. பலர் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. அதில் மண் சுமக்கிறவன் உயிர் தங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அளவை உயர்த்தினார்கள். இடையில் போன உயிர்கள் போனவைதான்.

1992 நவம்பரில் அணைகள் நிரம்பித் திறக்கப்பட்டு, ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்போது நான் கிராமத்துக் கிளை ஒன்றில் கிளார்க். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கிளையில் இரண்டு வரிசை நின்றது. ஒன்று அதிகாரியின் மேஜை முன்னால். நிலம் உள்ளவர்கள் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை கேட்க வந்திருந்தார்கள். இயற்கைச் சீற்றம் என்றால் வங்கிகள் அப்படிச் செய்வதற்கு விதி உண்டு. இன்னொன்று என் கவுண்டர் முன்னால், நகைக்கடன் வரிசை. நின்றவர்களில் பெரும்பாலோர் கூலிப் பெண்கள். கம்மல், மூக்குத்தி, சிலர் தாலிக்குண்டு. அவர்களுக்கு அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கியது. விதிப்படி எல்லாம் சரி. கடன் இருந்தவருக்குச் சலுகை கிடைத்தது. பயிர்க்கடன் வாங்கச் சென்ட் நிலம்கூட இல்லாதவருக்குப் புதுக் கடன் கிடைத்தது. அந்த வவுச்சர்களை எழுதியது என் கைதான்.

2023-க்கு வருவோம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாகவே கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற நிவாரணப் பட்டியலைப் பாருங்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. இறந்த மாட்டுக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. சேதமான குடிசைக்கு 10,000. ஒரு மாட்டின் மதிப்பு குடிசையைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்! இதில் இன்னொன்றும் தெரியும். பொருள் இருந்தால்தான் இழப்பு. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போனவருக்குக் கணக்கு உண்டு. அந்த வாழைத்தாரைச் சுமந்து பிழைத்தவரின் கூலி போனதற்குப் பட்டியலில் வரியே இல்லை. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்துப் பயிரிட்டவர், அடங்கலில் தன் பெயர் இல்லாமல் எதைக் காட்டுவார்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் கூலி வேலை செய்த தலித் மக்கள், படகும் வலையும் சொந்தமில்லாததால் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதையும், சில முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கார் உள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். நாடு பணக்கார நாடுதான்.

இனி நம் கணக்கு. அந்த வருடம் சங்கத்தின் பொருளாளர் நான். டிசம்பர் மாதச் செலவில் டீசல் இருக்கிறது, மோட்டார் பழுதுபார்ப்பு இருக்கிறது, நிலத்தடித் தொட்டியில் சேறு அள்ளிய கூலி இருக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள் மூவருக்கும் வருகைப் பதிவேட்டின்படி, வராத நாட்களுக்குச் சம்பளம் பிடித்ததும் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. பழைய சேலைகளும் பாத்திரங்களும் சேர்த்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அதே வாரத்தில் கூலியைப் பிடித்தோம். பிடித்த மொத்தத் தொகை, நாம் ஒரு நாள் எரித்த டீசல் காசுக்குக்கூட வராது. மழையில் வர முடியாதவர் விடுப்பு எடுத்தவர் அல்ல என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கலெக்டரையும் குறை சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

எனவே அடுத்த பொதுக்குழுவுக்கு என் யோசனைகள்: பேரிடர் நாட்களில் யாருக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது. வெள்ள எச்சரிக்கை வந்தால் நம் முதல் மாடிக் கூடத்தை நம் பணியாளர்களின் குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக் ஆகியவற்றின் நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர்களுக்குத் தயாராகக் கொடுக்க வேண்டும். கடைசி வேலையை நான் ஏற்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலக அறையில் இருப்பேன்.

2023-இல் பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தையும் நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.